சவரக் கட்டியும் ஒரு மங்கு தண்ணீரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். விலை குறைந்த சவரக் கட்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். "வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்காதீர்கள். நம் வீட்டு ஆண்கள் வாரத்தில் மூன்று நாளோ நான்கு நாளோ செய்கிற காரியம் இது. அதைச் சரியாகச் செய்யத் தெரியாததால் பணமும் வீணாகிறது, முகமும் புண்ணாகிறது, சில நேரம் நோயும் வந்து சேர்கிறது. ஆகவே பத்து நிமிடம் இதைப் பற்றிச் சிந்திப்பதில் தவறில்லை அல்லவா?

நான் பிறந்து வளர்ந்தது மலாக்கா மாநிலத்தில், ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். அதற்கும் முன்னால், லயத்தின் பின்புறத்தில், ஆணியில் மாட்டிய சிறு கண்ணாடிக்கு எதிரே நின்று அவர் சவரம் செய்துகொள்வார். விளிம்பு உடைந்து தோட்டத்தில் ஒதுக்கிவிட்ட பால் மங்கு ஒன்று அவரிடம் இருந்தது. அதன் அடியில் வட்டமான சவரக் கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடி தேய்ந்த ஒரு பிரஷ், ஒரு சவரக் கருவி, ஒரு துண்டு படிகாரம். அவ்வளவுதான் அவருடைய சாமான்கள்.

1991ஆம் ஆண்டில் மலாக்காவில் பெரிய தண்ணீர் நெருக்கடி ஏற்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டுரியான் துங்கால் அணை வற்றிப்போன ஆண்டு அது. அப்போது நான் தொடக்கப்பள்ளி மாணவன். குளிக்கவே தண்ணீர் அளந்து எடுத்த அந்த நாள்களிலும், ஒரு மங்கு தண்ணீரில் அப்பா முகத்தைப் பளிச்சென்று மழித்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிற்பாடு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபோது, அப்பா அதே வகைக் கட்டி ஒன்றை வாங்கி என் பையில் வைத்து அனுப்பினார். அறைத்தோழர்கள் பட்டணத்துப் பிள்ளைகள். அவர்கள் அழுத்தினால் நுரை பீறிடும் புட்டி வைத்திருந்தார்கள். அப்பா கொடுத்த கட்டியை வெளியே எடுக்க எனக்கு வெட்கம். துணிகளுக்கு அடியில் மறைத்து வைத்தேன். முதல் உதவித்தொகை கைக்கு வந்ததும் நானும் ஒரு நுரைப் புட்டி வாங்கினேன்.

மாதக் கடைசியில் புட்டி தீர்ந்தது, பணமும் தீர்ந்தது. மறுநாள் ஒரு பள்ளியில் எனக்குப் பயிற்றுப்பணி தொடக்கம். வேறு வழியின்றி அப்பாவின் கட்டியை எடுத்து, முகத்தில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, அவசர அவசரமாக மழித்தேன். மூன்று இடத்தில் வெட்டு. கன்னமெல்லாம் எரிச்சல். இரத்தம் நிற்கக் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு வகுப்பில் போய் நின்றேன். "சார், பூனை பிறாண்டிடுச்சா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. என் ஆசிரியர் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது!

அந்த வாரம் வீட்டுக்குப் போனதும், "அப்பா, நீங்க குடுத்த சோப்பு சரியில்ல" என்றேன். அவர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சோப்பு மேல என்னடா குறை? மொகத்துக்கு மொதல்ல தண்ணி காட்டுனியா?" என்று கேட்டார்.

அவர் மாடு வளர்த்தவர். மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் கறக்க உட்காரமாட்டார். முகத்துக்கும் அதுதான் முறை என்பது அவர் கணக்கு. நேயர்களே, நான் இன்று சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில், தண்ணீர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். காய்ந்த தாடி முடி கடினமானது. அதன்மேல் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையும் படிந்திருக்கும். சோப்பு அந்தப் பசையை நீக்குகிறது. அதன் பிறகு தண்ணீர் முடிக்குள் எளிதாக இறங்குகிறது. இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடி மென்மையாகி, சற்றுப் பருத்து, பிளேடுக்கு எளிதில் வழிவிடுகிறது. ஊறாத முடியைப் பிளேடு வெட்டுவதில்லை; இழுக்கிறது. இழுபடுவதால்தான் எரிச்சல். நாம் பிளேடை மாற்றுகிறோம், சோப்பை மாற்றுகிறோம். அந்த மூன்று நிமிடத்தை மட்டும் கொடுப்பதில்லை.

நுரைப் புட்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? சோப்பு, தண்ணீர், அவற்றை வெளியே தள்ளும் வாயு. இந்தப் புட்டி வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதற்கு முன்னர் சவரக் கட்டியும் பிரஷும் பரவலாகப் புழக்கத்தில் இருந்தன. புட்டியில் தண்ணீரையும் நுரையையும் முன்கூட்டியே சேர்த்து விற்கிறார்கள். கட்டியில் அந்த வேலையை நம் கை செய்யவேண்டும். நாம் செய்யாமல் விட்டால் அது கட்டியின் குற்றமாகாது.

இனி, கட்டியைப் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன். முடிந்தால் குளித்த பிறகு சவரம் செய்யுங்கள். குளிக்கப் போகுமுன் கட்டியின்மேல் இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வையுங்கள். பிரஷையும் தண்ணீரில் ஊறப் போடுங்கள். குளித்து வருவதற்குள் கட்டியின் மேற்பகுதி இளகியிருக்கும். மேலே நிற்கும் சோப்புத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் தாடியில் தடவிக்கொள்ளுங்கள். முடி ஊறுவதற்கு அது உதவும்.

பிறகு பிரஷை எடுத்து நன்றாக உதறுங்கள். கட்டியின்மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். பலர் நான்கு சுற்றோடு விட்டுவிடுகிறார்கள், அது போதாது. பிரஷில் பசை போலச் சோப்பு ஏறவேண்டும். அதை முகத்திலோ வேறொரு கிண்ணத்திலோ வைத்துச் சுழற்றியபடி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஒரேயடியாக ஊற்றக்கூடாது. ரொட்டிக்கு மாவு பிசையும்போது நம் தாய்மார்கள் தண்ணீர் தெளிப்பார்களே, அந்தப் பக்குவம்.

நுரை சரியாக வந்ததை எப்படி அறிவது? சோறு கொதிப்பதுபோல் பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் மிகுந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சோப்பு ஏற்றவேண்டும். முகத்தில் பூசியதும் வெள்ளையடித்த சுவர்போல் காய்ந்தால் தண்ணீர் போதவில்லை. சில சொட்டுச் சேர்க்கவேண்டும். குமிழி தெரியாமல், கட்டித் தயிர்போல் பளபளப்பாக, விரலால் தொட்டு எடுத்தால் சிறு முனை நிற்கும் நிலையே பதம். விலை குறைந்த கட்டிகள் இந்தப் பதத்துக்கு வரச் சற்று அதிக நேரம் எடுக்கலாம். ஆனால் பெரும்பாலும் வந்துவிடும். பூசிய நுரையை ஒரு நிமிடமாவது முகத்தில் இருக்க விடுங்கள்.

மழிக்கும்போது முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே முதலில் மழிக்கவேண்டும். கருவியை அழுத்தக்கூடாது. இதை அப்பா எனக்கு அவருடைய தொழிலை வைத்தே விளக்கினார். "உளி பட்டையத்தான் சீவணும். ஆழமாப் போனா மரத்துல காயம் பட்டுடும். காயம் பட்ட எடத்துல முண்டு கட்டிக்கும், பொறவு அந்த எடத்துல வெட்ட முடியாது. மொகமும் அப்படித்தான்" என்றார். பல்லாண்டு மரம் வெட்டிய கைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? மறுமுறை மழிக்கவேண்டுமானால் மீண்டும் நுரை பூசிய பிறகே மழியுங்கள். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

படிகாரத்தைச் சீனக்காரம் என்றும் சொல்வோம். அது தோலைச் சுருங்கச் செய்யும். சிறு கீறலில் கசியும் இரத்தத்தை நிறுத்தும். ஈர முகத்தில் மெதுவாகத் தேய்த்து, சற்றுப் பொறுத்துக் கழுவிவிடவேண்டும். தோல் வறண்டால் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். ஆனால் எண்ணெயை நுரையில் கலக்காதீர்கள், நுரை அமுங்கிவிடும்.

அடுத்து, இந்தக் கட்டியையே எப்படி மேலும் நல்லதாக்கிக்கொள்வது என்பதைப் பார்ப்போம். அதற்குச் சோப்பு எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் தெரியவேண்டும்.

எண்ணெயோ கொழுப்போ காரத்துடன் சேரும்போது சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. சோடாக் காரம் சேர்த்தால் கெட்டியான சோப்பு கிடைக்கும். பொட்டாசியக் காரம் சேர்த்தால் மென்மையான, எளிதில் கரையும் சோப்பு கிடைக்கும். எண்ணெயைப் பொறுத்தும் நுரை மாறும். தேங்காயெண்ணெயிலும் செம்பனைப் பருப்பின் எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது விரைவாக நுரைக்கும். ஆனால் அந்த நுரை விரைவாகவே மறைந்துவிடும். ஸ்டியரிக் அமிலமும் பால்மிடிக் அமிலமும் மெதுவாக நுரைக்கும். ஆனால் நெருக்கமாக, நிலைத்து நிற்கும். சவரத்துக்கு வேண்டியது அந்த நிலைத்த நுரை. குளிக்கும் சோப்பில் சவரம் செய்தால் முகம் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாகவேண்டும். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிடுவது அங்கேதான் தொடங்கியது. அந்த ரப்பரை நம்பித்தான் நம் பாட்டன்மார் பலர் இங்கே குடியேறினார்கள். பிற்காலத்தில் ரப்பர் நின்ற காடுகள் பெரும்பாலும் செம்பனைக் காடுகளாயின. அந்தச் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய 44 விழுக்காடு பால்மிடிக் அமிலம். எண்ணெயைக் குளிர வைத்துப் பிரித்தால் கெட்டியாக நிற்கும் பகுதி சோப்புத் தொழிலுக்குப் போகிறது. பாசிர் கூடாங், கிள்ளான் துறைமுகம் ஆகிய இடங்களில் இருக்கும் ஆலைகள் அதிலிருந்து கொழுப்பு அமிலங்களைத் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. கடையில் பளபளக்கும் அயல்நாட்டுச் சவரச் சோப்பில் கலந்திருப்பது நம் வீட்டு மனிதர் அறுத்த குலையின் எண்ணெயாகவே இருக்கக்கூடும். "தோட்டத்துச் சோப்பு" என்று நான் ஒரு காலத்தில் இளப்பமாக நினைத்தேனே, அப்போது இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கட்டி வாங்கும்போது உறையைப் படியுங்கள். "பொட்டாசியம் ஸ்டியரேட்" அல்லது "ஸ்டியரிக் ஆசிட்" என்ற பெயர் முன்வரிசையில் இருந்தால் நுரை நிலைக்கும். "சோடியம் பால்மேட்" என்றால் செம்பனை எண்ணெய். "சோடியம் கோக்கோவேட்" என்றால் தேங்காயெண்ணெய். "சோடியம் டாலோவேட்" என்றால் விலங்குக் கொழுப்பு. விலங்குக் கொழுப்பு வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கலாம். இந்தக் கவலை இந்தியாவிலும் இருந்தது. சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆர்தேஷிர் கோத்ரெஜ் விலங்குக் கொழுப்பில்லாமல் தாவர எண்ணெயில் சோப்புத் தயாரித்துப் பேர் பெற்றார். அவருடைய நிறுவனத்தின் வட்டச் சவரக் கட்டியை ஊருக்குப் போய்வந்தவர்கள் பலர் அறிவார்கள்.

சோப்பு உண்டாகும்போதே கிளிசரினும் உண்டாகிறது என்றேன். பெரிய ஆலைகளில் அந்தக் கிளிசரினைப் பிரித்துத் தனியாக விற்றுவிடுவது வழக்கம். ஈரத்தைப் பிடித்து வைப்பது கிளிசரினின் குணம். அதை நாம் சிறிதளவு திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். மருந்துக் கடையில் சிறு புட்டியாகக் கிடைக்கும்.

செய்யும் முறை இதுதான். தேய்ந்துபோன துண்டுகளையும் கட்டியையும் சேர்த்து, தேங்காய் துருவுவதுபோல் துருவுங்கள். 100 கிராம் துருவலுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரும் அரைத் தேக்கரண்டி கிளிசரினும் போதும். அதிகம் விட்டால் கட்டி இறுகாது. பாத்திரத்தைச் சுடுநீருக்குள் வைத்துக் கிளறினால், துருவல் பிசைந்த மாவுபோல் திரண்டு வரும். அதை அகலமான பீங்கான் கிண்ணத்தில் அழுத்தி, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். தகர டப்பா வேண்டாம், துருப்பிடிக்கும். வீட்டில் வீணாகும் சிறு துண்டுகள்கூட இப்படி ஒரு புதிய கட்டியாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. சோடாக் காரம் வாங்கி வீட்டிலேயே சோப்புக் காய்ச்ச முயலவேண்டாம். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அந்த விளையாட்டு ஆகாது. துணி துவைக்கும் சவுக்காரத்தையும் முகத்துக்குப் போடாதீர்கள்.

தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். கிணற்றுத் தண்ணீர் அப்படி இருந்தால் மழைத் தண்ணீரைச் சவரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிடித்து வைக்கும் பாத்திரத்தை மூடி வையுங்கள். டெங்கிக் கொசுவுக்கு இடம் கொடுத்துவிடக்கூடாது. சவரம் முடிந்ததும் கட்டியின்மேல் தண்ணீர் நிற்காமல் வடித்துவிடுங்கள். பிரஷை அலசி, உதறி, முடி கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுங்கள். ஒரு சவரத்துக்கு ஒரு கிராம் கரைந்தால் 100 கிராம் கட்டி நூறு சவரத்துக்கு வரும். வாரம் நான்கு முறை என்றால் ஏறக்குறைய ஆறு மாதம். தண்ணீரில் ஊறவிட்டால் இரண்டு மாதம்கூட வராது. எந்தச் சிக்கனமும் இப்படித்தான். வாங்குவதில் பாதி, வைத்துக்கொள்வதில் பாதி.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் அண்ணன் தம்பிகள் ஒரே கருவியைப் பயன்படுத்துவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. வேலையிடத்துத் தங்குமிடங்களிலும் இதைக் காண்கிறோம். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலும் பிளேடில் இரத்தத்தை விட்டுச்செல்லும். 'பி' வகை, 'சி' வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமிகள் அப்படி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடும். நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு 'பி' வகைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்த என் வயதினரும் என் தந்தை வயதினரும் தனியே போட்டுக்கொண்டிருந்தால்தான் உண்டு. 'சி' வகைக்கோ தடுப்பூசியே கிடையாது. ஆகவே ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு படிகாரத் துண்டு. முடிதிருத்தும் கடையிலும், "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். அது அவரைக் குறை சொல்வதாகாது.

நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குச் சவரம் செய்துவிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. அவர்களுக்குச் சிறு வெட்டும் ஆறத் தாமதமாகலாம். தேய்ந்த பிளேடைக் குப்பையில் அப்படியே எறியாமல், மூடியில் கீறல் போட்ட பழைய தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். குப்பை எடுப்பவரும் நம்மைப்போல் உழைத்துப் பிழைப்பவர்தானே?

என் தந்தைக்கு இப்போது கை நடுங்குகிறது. கருவியைப் பிடிக்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவருக்குச் சவரம் செய்துவிடுகிறேன். லயம் போய், இப்போது தாமானில் இருக்கிறோம். குழாயில் சுடுதண்ணீர் வருகிறது. ஆனாலும் அவர் அந்தப் பழைய மங்கைத்தான் கேட்கிறார். நான் பிரஷைக் கையில் எடுத்ததும், "தண்ணி காட்டுனியா?" என்று கேட்பார். "காட்டிட்டேன்பா" என்று சொன்ன பிறகே முகத்தை நீட்டுவார்.

மூன்று வெட்டுக் காயத்தோடு வகுப்பில் நின்ற அன்று, அப்பா கொடுத்த பொருள் மட்டமானது என்று நினைத்தேன். அவர் பொருளோடு பொறுமையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். நான் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் மீசை அரும்பும் பிள்ளைகள் இருப்பார்கள். முதல் நேர்முகத் தேர்வுக்குப் போகும் நாளில் அவர்கள் முகத்தில் காயத்தோடு போய் நிற்கவேண்டாம். ஒரு கட்டியும், அவர்களுக்கென்று தனியாக ஒரு கருவியும் வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் நின்று, அந்த மூன்று நிமிடத்தையும் கற்றுக்கொடுங்கள்.